மூன்றாவது கதவும் ஒரு பயந்தாங்கொள்ளியும்

அருவங்காடு ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த கணக்கு மிஸ்ஸைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. குறையாகச் சொல்லவில்லை. அவரே இங்கே இருந்தால், "ஆமாங்க்கா, கரெக்டாச் சொன்னீங்க" என்று தலையாட்டியிருப்பார்.

பயப்படுகிறவர்களுக்கா ஊரில் பஞ்சம்? நம்மில் முக்கால்வாசிப் பேர் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே வெளியே வீறாப்பாக நடந்துவிடுகிறோம். மிஸ்ஸுக்கு அந்த நடிப்பு சுத்தமாக வராது. காலை நேரத்தில் குவார்ட்டர்ஸ் பாதையில் காட்டெருமை வந்து நிற்பது எங்களுக்குத் தினப்படி சங்கதி. அது நிற்கும்போது நம் ஆம்பிளைகளைப் பார்க்க வேண்டும். ஒருத்தர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். என் வீட்டுக்காரர் குனிந்து, ஒழுங்காக இருக்கிற ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டுவார். மிஸ் மட்டும் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நடுப்பாதையில் நின்று சத்தமாகச் சொல்வார்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க. யாராச்சும் கூட வாங்க."

அவ்வளவுதான். வெட்கமாவது, ஒண்ணாவது! அப்படிக் கேட்டால் யாராவது ஒருத்தர் போகத்தான் செய்தார்கள். பெரும்பாலும் நான்தான் போவேன். எனக்கு மாடு, எருமை, கரடி எதற்கும் பயம் கிடையாது என்பது குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும். வெலிங்டனில் ராணுவ ஆபீஸில் சிவிலியன் கிளார்க்காக இருக்கிறேன். கர்னல் கத்தினாலே அசையாதவள், எருமை முறைத்தால் அசைவேனா? மிஸ் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவார். தாண்டியதும் ஒரு பெரிய மூச்சு விட்டுவிட்டு, "அப்பாடா, நீங்க நல்லா இருக்கணும்க்கா" என்பார். மறுநாள் மறுபடியும் அதே முந்தானை.

மேட்டுப்பாளையம் இறங்குகிற பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டால், பக்கத்து சீட்டில் யார் இருந்தாலும் கையைப் பிடித்துக்கொள்வார். ஒரு தடவை வெலிங்டனில் பயிற்சிக்கு வந்திருந்த வடநாட்டு ராணுவப் பையன் ஒருத்தன் மாட்டிக்கொண்டான். அவனுக்குத் தமிழ் தெரியாது. மிஸ்ஸுக்கு இந்தி தெரியாது. "தம்பி, கொஞ்சம் கையக் குடுப்பா" என்று சொல்லிவிட்டு, அவன் பதில் சொல்வதற்குள் எடுத்துக்கொண்டார். அவன் பர்லியார் தாண்டும் வரை அட்டென்ஷனில் நிற்பவன் மாதிரி விறைப்பாக உட்கார்ந்து கையைக் கொடுத்திருந்தான். இறங்கும்போது மிஸ் அவனுக்கு ஒரு வர்க்கி பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தேன்.

இப்பேர்ப்பட்ட மனுஷிக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு. ஜப்பான் பேய்ப் படம்.

கோயம்புத்தூரில் இருக்கிற அவர் தம்பி பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவான். அவை நம் ஊர்ப் படங்கள் மாதிரி பாழடைந்த பங்களா, பழிவாங்கும் ஆவி என்று போவதில்லை. அந்த ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஆபீஸ் போகிறவர்களும், 'என் சிநேகிதிக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு நிஜமாவே நடந்தது' என்று காதோடு காதாகச் சொல்லிக்கொள்கிற கதைகள் இருக்கின்றன. தெருமுனையில் முகமூடி போட்டு நின்று, 'நான் அழகா இருக்கேனா?' என்று கேட்கிற பெண். கக்கூஸில் உட்கார்ந்திருக்கும்போது, 'சிவப்புத் தாள் வேணுமா, நீலத் தாள் வேணுமா?' என்று கேட்கிற குரல். அந்த வதந்திகளைத்தான் படமாக எடுத்திருப்பார்கள். மிஸ் அதையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தார்.

தனியாகப் பார்ப்பாரா? உயிர் போனாலும் மாட்டார். சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஜன்னல் திரை எல்லாம் திறந்திருக்க வேண்டும், அதற்கு மேல் டியூப்லைட்டும் எரிய வேண்டும். வாசல் கதவு சாத்தக் கூடாது. அடுப்பில் குக்கர் இருந்தால் இன்னும் விசேஷம். "விசில் வந்தா ஒரு தைரியம் வருதுங்க்கா" என்பார். இத்தனையும் ஏற்பாடு செய்தபின் என் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் படம் தொடங்கும். அவர் விரல்கள் ஐஸ் மாதிரி இருக்கும், உள்ளங்கை மட்டும் வேர்த்திருக்கும். படத்தில் கீழே ஓடுகிற இங்கிலீஷை மிஸ்தான் எனக்குத் தமிழில் சொல்வார், அதுவும் கண்ணை மூடிய விரல் இடுக்கு வழியாகப் படித்து. அதில் என்ன வேடிக்கை என்றால், அவர் மொழிபெயர்ப்பில் பேய் ரொம்ப மரியாதையாகப் பேசும்.

"ஏனுங்க, நான் அழகா இருக்கறனுங்களா?"

"பேய்க்கு எதுக்கு மிஸ் இத்தனை 'ங்க'?"

"கோவிச்சுக்கிச்சுன்னா என்னங்க்கா பண்றது?"

அவர் போடுகிற கூச்சலில் அடுத்த லைன் வீடுகளிலிருந்து ஆள் எட்டிப்பார்த்ததும் உண்டு. எனக்குப் படத்தைவிட மிஸ்ஸைப் பார்ப்பதுதான் வேடிக்கை. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேன், இவ்வளவு பயந்துகொண்டு எதற்காகப் பார்க்க வேண்டும் என்று. அவர் என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்கப்பா கட்டபெட்டுப் பக்கம் எஸ்டேட்ல வாட்ச்மேனுங்க. ஊட்டுல யாராச்சும் பயம்னு சொன்னா அடி பின்னிருவாரு. சிறுத்த சத்தம் கேட்டாக்கூட வாயப் பொத்திட்டுப் படுத்திருக்கோணும். இந்தப் படத்துக்குக் கத்துனா யாரும் ஒண்ணும் சொல்றதில்லீங்களே. கத்தி முடிச்சா நெஞ்சு காலியா, சொகமா இருக்குதுங்க."

அதற்கப்புறம் நான் கேலி பண்ணுவதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தினேன் என்று சொல்ல முடியாது.

சிக்கல் எப்படி வந்தது என்றால், அப்போது என் மகள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். குன்னூரில் மிஸ் வேலை பார்த்த அதே பள்ளிக்கூடம். மிஸ்தான் அவளுக்குக் கணக்கு. சனிக்கிழமை மத்தியானங்களில் அவளை உள் அறையில் படிக்க உட்கார வைத்துவிட்டுத்தான் நாங்கள் படம் பார்ப்போம். கழுதை, சோபாவுக்குப் பின்னால் தவழ்ந்து வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அன்றைக்கு ஓடியது பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் பேய். மூன்றாவது கதவை மூன்று தடவை தட்டி, உள்ளே இருக்கியா என்று கேட்டால், இருக்கேன் என்று ஒரு சின்னப் பெண்ணின் குரல் வரும். கதவு திறந்து ஒரு கை நீளும். நானே அந்த இடத்தில் நெளிந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகள் திங்கட்கிழமை இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். ஜப்பானில் என்று சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. நம் பள்ளிக்கூடத்தில், நம் பின்பக்கத்தில், கற்பூர மரத்தடியில் இருக்கிற வரிசையில் மூன்றாவது கதவு என்று சொல்லியிருக்கிறாள். சொன்னவளே சொல்லும்போது நம்பத் தொடங்கிவிட்டாள். வாரக் கடைசிக்குள் ஆறாம் வகுப்பில் ஒரு பெண்கூட அந்தப் பக்கம் போவதில்லை. அடுத்து ஏழாம் வகுப்பு. டீச்சர்களுக்கும் அதே வரிசையில் முதல் கதவுதான், வேறு இடமும் கிடையாது.

தலைமையாசிரியை காலைப் பிரேயரில் நின்று, "பேய்னு ஒண்ணு கிடையாது, யாரும் பயப்படக் கூடாது" என்று அதட்டினார். அதோடு விட்டிருக்கலாம். வம்பே வேண்டாம் என்று மூன்றாவது கதவுக்குப் பெரிய பூட்டாகப் போட்டார். பிள்ளைகள் மடையர்களா? ஒண்ணும் இல்லையென்றால் எதற்குப் பூட்டு என்று கேட்டார்கள். அப்புறம் ஒரு பெண்ணின் அம்மா பாதரை அழைத்து வந்தார். அவர் நல்ல மனிதர், பிள்ளைகள் மனசுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அந்தக் கதவில் தீர்த்தம் தெளித்து ஜெபம் பண்ணிவிட்டு, காகிதச் சிலுவை ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார். போச்சு. பாதரே வந்தார் என்றால் உள்ளே நிச்சயமாக ஏதோ இருக்கிறது என்றாகிவிட்டது. எங்கள் சாமி என்ன இளப்பமா என்று இன்னொரு வீட்டிலிருந்து எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கொண்டுவந்து மாட்டினார்கள். பூட்டும் சிலுவையும் எலுமிச்சையுமாக அந்தக் கதவைப் பார்த்தால் பேயே பயந்துவிடும்.

எனக்கு இதெல்லாம் அப்புறம்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், என் மகளின் வாட்டர் பாட்டில் கொண்டுபோன மாதிரியே நிறைந்து திரும்பி வந்ததுதான். சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடினாள். ஒரு நாள் உள்ளேயிருந்து அலறல் கேட்டது. ஓடிப்போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "எரியுதும்மா, எரியுதும்மா" என்று கண்ணெல்லாம் தண்ணீர். அன்று ராத்திரியே குளிர்க் காய்ச்சல் தூக்கிப் போட்டது.

குன்னூரில் லேடி டாக்டரிடம் போனோம். பரிசோதித்துவிட்டு மருந்து எழுதினார். அதற்கப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மருந்து கேக்கும். ஆனா மறுபடியும் இப்படி அடக்கினா மறுபடியும் வரும். கிட்னி வரைக்கும் போயிருச்சுன்னா அப்புறம் வெளையாட்டு இல்லைங்க. நல்லாத் தண்ணி குடிக்கணும், ஸ்கூல்ல இன்டர்வெல் விட்டா போயே ஆகணும். நீங்கதான் பாத்துக்கணும்."

திரும்பி வரும் வழியில், சோபாவுக்குப் பின்னாலிருந்து படம் பார்த்தது முதல் எல்லாவற்றையும் அவளே அழுதுகொண்டு சொன்னாள். நான் எப்படிப் பார்த்துக்கொள்வது? அவள் பின்னாலேயே வகுப்பில் போய் உட்கார முடியுமா? கெஞ்சினேன், கத்தினேன். அவள் அப்பா, "நான் வந்து வாசல்ல நிக்கறேன், அம்மிணி" என்றார். "அது லேடீஸ் பாத்ரூம்ப்பா" என்று அழுதாள். நம் வீட்டில் யாருக்காவது பயம் உண்டா, நீ யார் பெண் என்று நான் வீரப் பிரசங்கம் பண்ணினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காய்ச்சல் விட்டுப் பள்ளிக்கூடம் போன முதல் நாளே பாட்டில் மறுபடியும் நிறைந்து வந்தது. அதைத் தூக்கிப் பார்த்தேன். அவளுக்கு என்ன ஆகுமோ என்பதைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஓடவில்லை.

அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராக மிஸ் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கத்தினேன். "நீங்க பாக்கற கண்றாவிப் படத்தால எம்புள்ளைக்குக் கிட்னி போகப் போகுது மிஸ்!" என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மிஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்துவிட்டது. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெல்லச் சொன்னார்.

"நானும் போறதில்லீங்க்கா."

"எங்க?"

"ஸ்கூல் பாத்ரூமுக்குத்தானுங்க. அந்தக் கதவுல பாதர் தண்ணி தெளிச்சதுல இருந்து எனக்குக் காலே வரமாட்டேங்குது. ஸ்டாஃப் ரூம்ல டீ குடிக்கறதையே விட்டுட்டேன்."

எம்.எஸ்ஸி. படித்தவர், கல்யாணமாகி எத்தனையோ வருஷமானவர், கண்ணில் நீர் முட்ட நிற்கிறார். கோபத்தில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் கோபம் போய்விடுமே என்று மேலும் கோபம் வந்தது. "நல்லாருக்கு மிஸ், ரொம்ப நல்லாருக்கு!" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். தலைமையாசிரியையைப் பார்த்து டி.சி. கேட்டுவிடுவது என்று முடிவு. நடு வருஷத்தில் எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும் என்று தெரியாது. ஆனால் அவள் உடம்பைப் பார்ப்பதா, படிப்பைப் பார்ப்பதா? தலைமையாசிரியை வகுப்பில் இருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். பனிமூட்டத்தில் மைதானமே தெரியவில்லை, தூறல் வேறு. இன்டர்வெல் மணி அடித்தது.

அப்போது வராந்தா அந்தப் பக்கக் கோடியிலிருந்து மிஸ் வந்தார். என்னைக் கவனிக்கவில்லை. ஆறாம் வகுப்பு வாசலில் நின்று என் மகளைக் கூப்பிட்டார். அவள் வந்தாள், பின்னாலேயே நாலைந்து பெண்களும் வந்தார்கள்.

"பாப்பா, எனக்கு ரொம்ப அவசரமா வருது. காலைல இருந்து அடக்கிட்டு இருக்கேன். தனியாப் போறதுக்குப் பயமா இருக்குது. என்கூட வர்றியா?"

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். என் மகள் சிரிக்கவில்லை. மிஸ் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பெரியவர்கள் பசப்பினால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் எத்தனை பேர் பசப்பிப் பார்த்துத் தோற்றிருந்தோம்! மிஸ் கையை நீட்டினார். அந்தக் கை எப்படி இருந்திருக்கும் என்று தொடாமலே எனக்குத் தெரியும். அது நடிப்பு இல்லை. சத்தியமாக நடிப்பு இல்லை. என் மகள் அதைப் பிடித்துக்கொண்டு, குடும்பத்துப் பாரமெல்லாம் தன் தலைமேல் என்பது போல ஒரு பெருமூச்சு விட்டாள்.

"சரி, வாங்க மிஸ்."

நான் எழுந்து தள்ளியே பின்னால் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். தகரக் கூரையில் கற்பூர மரத்திலிருந்து சொட்டுச் சொட்டென்று விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு, பூட்டிய கதவைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் கதவு வரை போனார்கள்.

"தாழ்ப்பாள் போடட்டுமா, வேண்டாமா?" என்றார் மிஸ்.

"போட வேண்டாம் மிஸ். நான் பிடிச்சுக்கறேன்."

மிஸ் உள்ளே போனார். உடனே குரல் வந்தது. "பாப்பா, ஏதாச்சும் பேசிட்டே இரு."

"என்ன பேசறது மிஸ்?"

"பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு."

என் மகள் கதவைப் பிடித்தபடி சத்தமாகச் சொன்னாள். ஆறு வரை சரியாகப் போனது. ஏழில் திக்கினாள்.

"தொண்ணூத்தொண்ணு!" என்றது உள்ளேயிருந்து.

வெளியே வந்த மிஸ்ஸின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எத்தனை நாள் பாரமோ! "அப்பாடா, உசுரு வந்துச்சு கண்ணு" என்று சுவரில் சாய்ந்துகொண்டார். கை கழுவினார். அப்புறம் கேட்டார்.

"நீ போறியா?"

"வேண்டாம் மிஸ்."

"சரி."

அவ்வளவுதான். வற்புறுத்தவில்லை. இரண்டு பேரும் தூறலில் சும்மா நின்றார்கள். என் மகள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தாள். தொட்டிக்குப் பின்னால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போ கண்ணு, போயிரு சாமி என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ், நான் உள்ள போனதும் நீங்க போயிர மாட்டீங்களே?"

மிஸ்ஸுக்கு அந்தக் கேள்வியே ஆச்சரியமாக இருந்தது.

"நான் எங்க கண்ணு போறது? உன்னைய விட்டுட்டு இந்தக் கதவத் தாண்டி நான் தனியா எப்படித் திரும்பிப் போவேன்?"

என் மகள் யோசித்தாள். நாங்கள் எல்லோரும்தான் நிற்கிறோம், நிற்கிறோம் என்று சொல்லியிருந்தோம். தைரியசாலி நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம். இந்த மிஸ்ஸால் முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பாவாடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. கூரையில் சொட்டுகிற தண்ணீர் மட்டும்தான். மிஸ் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். அப்புறம் கேட்டது. முதலில் விட்டு விட்டு, பிறகு தடையில்லாமல், நிற்காமல். கடவுளே, ஒரு பிள்ளை ஒண்ணுக்குப் போகிற சத்தத்துக்காக ஒரு பொம்பளை அழுவாளா? நான் அழுதேன். தொட்டியைப் பிடித்துக்கொண்டு, மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு அழுதேன். வாரக்கணக்கில் நெஞ்சில் கிடந்த கல் அந்தச் சத்தத்தோடு இறங்கிப் போனது.

"மிஸ், ஆச்சு!" என்று அவள் கத்தினாள். அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது.

திரும்பிப் பார்த்தால் என் பின்னால் ஆறாம் வகுப்புப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், இரண்டு இரண்டு பேராகக் கையைக் கோத்துக்கொண்டு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் போனார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். மிஸ்ஸின் வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி அவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லையாம்.

தொட்டிக்குப் பின்னாலிருந்து நான் வெளியே வந்தேன். டி.சி. கேட்க வந்ததே மறந்துபோயிருந்தது. "அம்மா, நீங்க எப்ப வந்தீங்க?" என்று என் மகள் ஓடிவந்தாள். மிஸ் என் அழுத முகத்தைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை நீட்டினார். நேற்றுக் கத்தினதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் காலையில் பதற்றத்தில் மடமடவென்று குடித்த காப்பி ஒரு பக்கம் முட்டிக்கொண்டு வந்தது. போகலாம் என்று இரண்டு அடி வைத்தேன். பூட்டும் சிலுவையுமாக மூன்றாவது கதவு நேரெதிரே நின்றது. காற்றே இல்லை, அந்த எலுமிச்சம்பழம் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. என் கால் நின்றுவிட்டது.

"மிஸ்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நானும் போயிட்டு வந்துடறேன். கொஞ்சம் இங்கயே நில்லுங்களேன்."

மிஸ் வாயைத் திறப்பதற்குள் என் மகள் வந்து முதல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"போங்கம்மா. நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்."